பாலம் கட்டுமுன் கரையைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றைக் கோடையில் பார்த்தால் இது ஆறுதானா என்று கேட்கத் தோன்றும். மாரியில்தான் அது கந்தரோடைப் பக்கமாக ஓடி அராலியில் கடலேரியோடு சேரும். இப்படி ஓர் ஆற்றில் பழைய பாலத்தை இடித்துப் புதிது கட்டுவதென்றால், அதற்கு முந்திய தொல்லியல் மேலாய்வில், அதாவது தோண்டாமல் நிலத்தின் மேலே நடந்து பழைய தடயங்களைத் தேடும் வேலையில், எங்கே பிழை விடுகிறோம் என்று சொல்கிறேன்.

பெரிய பிழை, பாலத்தின் அடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது. படுகையை வெள்ளம் எப்போதோ புரட்டிப் போட்டிருக்கும், சனம் குடியிருந்தது கரையில் சற்று மேடான இடத்தில். ஆகவே அகலமாக்கும் வீதி, தற்காலிக மாற்றுப்பாதை, கல்லும் கம்பியும் குவிக்கும் வளவு, எல்லாவற்றையும்விட நிரப்புவதற்கு மண் அள்ளும் இடம், இவ்வளவையும் நடந்து பார்க்க வேண்டும். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் எலும்புக்கூட்டோடு பிராமி எழுத்துள்ள முத்திரை கிடைத்தது. அப்படியொரு மேட்டை லொறியில் ஏற்றிவிட்டால் அப்புறம் என்ன செய்ய முடியும்?

அடுத்தது ஓட்டுச் சில்லு, அதாவது பழைய மட்பாண்டத்தின் உடைந்த துண்டு. ஈர விரலால் மண்ணைத் துடைத்துப் பாருங்கள், உட்பக்கம் கறுப்பு, வெளியே சிவப்பு என்றால் கவிழ்த்து வைத்துச் சுட்ட பானை, உள்ளே காற்றுப் படாததால் வந்த கறுப்பு அது. உடனே பையில் போடாதீர்கள்! எந்த இடம், எந்த ஆழம் என்று முதலில் குறியுங்கள், படமும் எடுங்கள். வீதிக்கரையில் கிடந்தால் இன்னும் கவனம், ஏனென்றால் முன்பு வீதி போட்டபோது வேறெங்கிருந்தோ கொட்டிய மண்ணோடு அது வந்திருக்கலாம். பக்கத்து வயலின் உழவுசாலிலும் கிணறு வெட்டிய மண்ணிலும் அதே வகை இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

மாரியில் போகாதீர்கள், தண்ணீரும் பயிரும் நிலத்தை மூடிவிடும். நெல் வெட்டிய பிறகு போங்கள்.

பொறியியலாளர்கள் அத்திவாரத்துக்குத் துளையிட்டு எடுக்கும் மண்ணை வீசவிடுவதும் பிழைதான். கரியும் சிப்பியும் சில்லும் எந்த ஆழத்தில் வருகின்றன என்று அந்த மண்ணே காட்டும், பக்கத்தில் தொல்லியல் தெரிந்த ஒருவர் நின்றால் போதும். சரி, பழைய பாலம்? உளியால் பொழிந்த வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக இருந்தால் அதுவும் ஆய்வுக்குரியதே, இடிக்குமுன் அளந்து வரைந்து வையுங்கள்.

இவற்றை வரைபடம் முடியுமுன் செய்யுங்கள், அப்போதுதான் தூணை நாலு மீற்றர் தள்ளி வைக்கலாம். வேலை தொடங்கும் நாளில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தை ஓட்டுபவரின் கையில் ஒரு சில்லைக் கொடுத்து, இப்படி ஒன்று வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றும் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.