தக்காளியின் வைட்டமின் சி: அக்கறையில் செய்யும் தவறுகள்

பழம் நன்றாகச் சிவந்திருந்தால் சத்தும் நிறைந்திருக்கும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அந்தச் சிவப்பு லைகோபீன் என்ற நிறமியுடையது. வைட்டமின் சி-க்கு நிறமே கிடையாது. பல் கூசும் புளிப்பும் சாட்சியாகாது. அது பெரும்பாலும் சிட்ரிக் அமிலம். 100 கிராம் பழத்தில் அது ஏறத்தாழ 400 மில்லிகிராம் இருக்கும். வைட்டமின் சி சுமார் 15 முதல் 25 மில்லிகிராம்தான். அந்தக் கொஞ்சமும் ரகத்தையும் நாம் வளர்க்கும் விதத்தையும் பொறுத்து ஏறி இறங்குகிறது.

மாடித்தோட்டக்காரர்கள் செய்யும் பெரிய தவறு நிழல்வலை. சித்திரை வெயிலுக்குக் கட்டிய வலையை ஐப்பசி மழை வந்த பிறகும் கழற்றுவதில்லை. செடி வைட்டமின் சி-யைச் சர்க்கரையிலிருந்து தயாரிக்கிறது. சர்க்கரைக்கு வெளிச்சம் வேண்டும். இலைக்கு மட்டும் வெயில் கிடைத்தாலும் போதாது, காயின் மேலும் வெளிச்சம் பட வேண்டும். இலைக்கூட்டத்துக்குள் புதைந்து பழுத்ததைவிட, கைப்பிடிச் சுவர்ப் பக்கம் வெளியே தொங்கும் பழத்தில்தான் பொதுவாக இந்தச் சத்து அதிகம்.

இதைப் படித்தவுடன் கத்தரிக்கோலை எடுத்து இலைகளையெல்லாம் மொட்டையடித்துவிட வேண்டாம். கோடையில் அப்படிச் செய்தால் காயின் தோளில் வெள்ளையாகக் காகிதம்போல் ஒரு தழும்பு விழும், பழம் வெந்துபோயிருக்கும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டி நீடித்தால் சிவப்பும் சரியாக ஏறாமல் மஞ்சளாகவே நின்றுவிடும். பக்கக் கிளைகளையும், அடிக்கொத்துக்குக் கீழே உள்ள இலைகளையும் மட்டும் கிள்ளினால் போதும். பங்குனி, சித்திரை உச்சிவெயிலுக்கு வலை இருக்கட்டும், மார்கழிக்கு வேண்டாம்.

உரத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து வாரம் இரண்டு முறை ஊற்றினேன். தண்டு கட்டைவிரல் பருமனுக்கு வந்தது, இலை கருகருவென்று அடர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பூவைத்தான் தேட வேண்டியிருந்தது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிஞ்சினால் பழத்தில் வைட்டமின் சி குறையும். அடர்ந்த இலையே காய்க்குக் குடையாகிவிடுவது அதற்கு ஒரு காரணம். புண்ணாக்கானாலும் யூரியாவானாலும் கணக்கு ஒன்றுதான்; இயற்கை உரம் என்பதற்காகச் செடி விதிவிலக்குத் தராது. பூ விட்ட பிறகு தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்தை, அதாவது பொட்டாசியத்தை, கூட்டுவதே சரி.

தண்ணீரிலும் இதே கதை. காலையும் மாலையும் செடிப்பை வழிய ஊற்றினால் பழம் பருக்கும், எடை கூடும்; ஆனால் சத்தும் சுவையும் நீர்த்துப்போகும். கொஞ்சம் தாகத்தோடு வளரும் செடியின் பழம் சிறியது, சாறு அடர்ந்தது. அதற்காக வாடவிட்டுப் பிறகு ஒரேயடியாக ஊற்றினால் பழம் வெடிக்கும், காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். விரலை மண்ணுக்குள் இரண்டாம் கணு வரை விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். செர்ரி தக்காளியில் எடைக்கு எடை வைட்டமின் சி அதிகமாக இருப்பது வழக்கம் என்பதால், சத்துக்காகவே வளர்ப்பவர்கள் அதை நடலாம்.

கடைசித் தவறு பறிப்பதில். செங்காயாகவே பறித்து அரிசிப் பானைக்குள் வைத்தாலும் பழுக்கும், சிவக்கும். ஆனால் செடியிலேயே பழுத்ததன் அளவுக்கு வைட்டமின் சி பெரும்பாலும் சேராது. அணில் விட்டுவைத்தால்தானே என்று கேட்பீர்கள். எங்கள் மாடி அணில்களுக்கும் பொறுமை கிடையாது. அதனால் நிறம் மாறத் தொடங்கும்போதே கொத்துக்கு வலைப்பை மாட்டிவிடுகிறேன். முதலில் பழைய கறுப்புத் துணியைத்தான் சுற்றினேன்; வெளிச்சத்துக்காக நிழல்வலையைக் கழற்றியவன், பழத்துக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தேன். இப்போது வெளிச்சம் புகும் மெல்லிய வெள்ளை வலை.