பிவா ஏரியில் பாஸ் மீனுக்கு ரப்பர் இறால் இடும் முறை

ஜப்பானின் ஷிகா மாநிலத்தில் சுமார் 670 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துகிடக்கும் பிவா ஏரியில், லார்ஜ்மவுத் பாஸ் என்னும் வட அமெரிக்க நன்னீர் மீன் 1974ஆம் ஆண்டு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அங்கே வேரூன்றிவிட்ட அந்த மீன் சிறுமீன்களோடு, ஏரியில் இயல்பாக வாழும் 'சுஜி எபி' என்னும் சிற்றிறாலையும் தேடித் தின்கிறது. கரையோர மக்கள் சோயா பீன்ஸுடன் சேர்த்து இனிப்பும் உவர்ப்புமாகச் சமைக்கும் 'எபிமாமே' என்ற பதார்த்தத்தில் கிடப்பதும் இதே இறால்தான். தூண்டில்காரர்கள் அதிகம் வந்துபோகும் கரைகளில் பெரிய இரைகளைக் கண்டு ஒதுங்கிப்போகும் பாஸ் மீன்கூட, இரண்டங்குல ரப்பர் இறாலைப் பெரும்பாலும் சந்தேகிப்பதில்லை. ஆனால் அந்த ரப்பர் துண்டு இறாலைப் போலத் தோன்றினால் மட்டும் போதாது. அது இறாலைப் போல நடந்துகொள்ளவும் வேண்டும்.

ஆகவே தூண்டில் வாங்குவதற்கு முன் ஒருநாள் மாலை இருட்டியபின் கைவிளக்குடன் கரைக்குச் சென்று, கற்களின் இடுக்கில் உயிருள்ள இறாலைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. வெளிச்சம் பட்டதும் முதலில் தெரிவது அதன் கண்கள்தான். உடலோ கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும், குறுக்கே கருங்கோடுகள் மட்டும் ஓடும். அது பெரும்பாலான நேரம் நகர்வதே இல்லை. நகர்ந்தாலும் கால்களால் மெல்ல ஊர்ந்து செல்கிறது. குச்சியால் தொட்டால் வயிற்றுப் பகுதியை உள்ளே மடித்து ஒரு சுண்டு சுண்டி, வால் முன்னே செல்லும்படி பின்னோக்கிப் பாய்ந்து, பிறகு மெதுவாக அமிழ்ந்து மீண்டும் அசையாமல் நின்றுவிடுகிறது. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்த மூன்று அசைவுகளிலிருந்து வந்ததுதான்.

கருவிகளைப் பொறுத்தவரை, நுனி நன்றாக வளையும் ஆறு அல்லது ஆறரை அடி நீளமுள்ள மெல்லிய ஸ்பின்னிங் கோலும், 2000 அல்லது 2500 அளவு ரீலும், நான்கு பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பும் போதும். ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் அமிழும் தன்மையுடையதால், எடை குறைந்த இரையைக் காற்று இழுத்துச் செல்லாமல் பிடித்துவைக்கிறது. ஈயம் 1.8 கிராமிலிருந்து 3.5 கிராமுக்குள் இருக்கட்டும். நிறத்தில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. தெளிந்த நீருக்கு ஊடுருவித் தெரியும் பழுப்பு அல்லது பச்சை, மழைக்குப் பின் கலங்கிய நீருக்கு அடர்ந்த நிறம் என்று இரண்டு பொட்டலங்கள் வைத்துக்கொண்டால் ஒரு பருவம் முழுவதையும் கடத்திவிடலாம். அவற்றைப் பொட்டலத்திலேயே நேராக வைத்திருக்க வேண்டும். மீசையும் கால்களும் மடங்கிப்போயிருந்தால் சில நொடிகள் வெந்நீரில் நனைத்து நிமிர்த்திவிடலாம்.

இந்த ஏரிக்கு ஏற்ற கட்டு, ஜப்பானியர் 'டவுன் ஷாட்' என்று அழைக்கும் முறையாகும். அதில் ஈயம் நரம்பின் அடிநுனியிலும், முள் அதற்கு ஒரு சாண் மேலேயும் அமைவதால், ஈயம் தரையில் கிடக்கும்போதும் இறால் பாசிக்கு மேலே மிதந்து நிற்கும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, தளர்வாக ஒரு முடிச்சிட்டு, அந்த வளையத்துக்குள் முள்ளை முழுவதுமாகக் கடத்தி இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் முடிச்சை எச்சிலால் நனைக்க மறக்கக் கூடாது. உலர்ந்த ஃப்ளூரோகார்பன் உரசும் சூட்டிலேயே வலுவிழந்துவிடும். பிறகு ஈயம் கட்டுவதற்காக நீளமாக விட்டிருக்கும் நரம்பு நுனியை, முள்முனை இருக்கும் பக்கத்திலிருந்து காதினுள் மீண்டும் ஒருமுறை நுழைத்துக் கீழே இழுத்தால், முள் நரம்புக்குக் குறுக்காக, முனை மேல்நோக்கி நிற்கும். இந்தச் சிறு வேலையைச் செய்யாவிட்டால் முள் நரம்போடு ஒட்டித் தொங்கும். மீன் வாயில் வாங்கினாலும் முள் பதியாது.

இறாலைக் குத்தும் திசையில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். தலைப் பக்கம் குத்தினால், நரம்பை இழுக்கும்போது இறால் தலை முன்னே நீந்தும். வெருண்டு ஓடும் இறால் அப்படிப் போவதில்லை. வால் விசிறியைக் கிள்ளியெறிந்துவிட்டு அந்த வெட்டுமுகத்துக்குச் சற்று உள்ளே, சிறிய முள்ளை அடியிலிருந்து மேலாகக் குத்தி முனையை வெளியே விட வேண்டும். இப்போது ஒவ்வொரு இழுப்புக்கும் வால் முன்னே பாய, மீசையும் கால்களும் பின்னே துடிக்கும். வேலம்பாசி அடர்ந்த இடத்தில் மட்டும், காதுக்கருகே கழுத்து மடிந்த ஆஃப்செட் முள்ளைப் பயன்படுத்தி, முனையை ரப்பரின் தோலுக்குள் மறைத்துவைக்கலாம்.

ஏரியின் வடபகுதி மிக ஆழமானது. ஏரியைக் குறுக்கே கடக்கும் பிவாக்கோ பெரும்பாலத்துக்குத் தெற்கேயுள்ள பகுதியின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 4 மீட்டர்தான்; ஆகவே கரையில் நின்று பிடிப்பவருக்கு அதுவே ஏற்ற இடம். கோடையில் அங்கே பாசி நீர்ப்பரப்பு வரை வளர்ந்துவிடும். அந்தப் பாசித் திட்டின் விளிம்பைக் குறிவைத்து வீசி, இரை இறங்கும்போது நரம்பைச் சற்றுத் தொய்வாக விட்டு, நரம்பு நீரைத் தொடும் புள்ளியைக் கண்ணெடுக்காமல் கவனிக்க வேண்டும். ஈயம் தரைதொட்டதும் பத்து நொடி ஒன்றும் செய்யாதீர்கள். பிறகு தொய்வு முற்றிலும் நீங்கிவிடாதபடி கோல் நுனியை மட்டும் நடுங்கச் செய்தால், ஈயம் இடம்பெயராமல் இருக்க இறால் மட்டும் நின்ற இடத்தில் கால் உதறும். மீண்டும் நிறுத்துங்கள். அடுத்து கோலை ஓர் அடி அளவு இழுத்து ஈயத்தை நகர்த்துங்கள். அது பாசியில் சிக்கினால் பதறிப் பிடுங்காமல், நரம்பை இறுக்கி மெல்லத் தட்டித்தட்டி விடுவியுங்கள். பாசித்தண்டு விட்டதும் இறால் ஒரு துள்ளு துள்ளி அமிழும். எனக்குக் கிடைத்த நல்ல மீன்களில் பல அந்தத் துள்ளலுக்குப் பிந்தைய அமைதியில்தான் கடித்தன.

கடியைக் 'கடி' என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். பாஸ் மீன் வாயைத் திறந்து தண்ணீரோடு இறாலை உறிஞ்சிக்கொள்கிறது; நமக்குத் தெரிவது நரம்பு பக்கவாட்டில் ஓரங்குலம் நகர்வதோ, ஈயத்தின் கனம் திடீரென மாறுவதோ மட்டுமே. அந்த நேரத்தில் கோலை ஓங்கி வெட்டி இழுத்தால் மெல்லிய நரம்பு அறுந்துவிடும். தொய்வை ரீலில் சுற்றியெடுத்து, கனம் கைக்கு வந்ததும் கோலைப் பக்கவாட்டில் நிதானமாக இழுத்தாலே கூரிய சிறு முள் தானாகப் பதிந்துகொள்ளும். நான்கு பவுண்டு நரம்புக்கு டிராக்கை, அதாவது ரீலில் நரம்பை நெகிழவிடும் அமைப்பை, ஏறத்தாழ அரைக் கிலோ இழுவையில் நெகிழும்படி முன்கூட்டியே அமைத்து, மீன் ஓடும்போது ஓடவிட்டு, பாசியை நோக்கித் திரும்பினால் மட்டும் கோலைச் சாய்த்துத் தலையைத் திருப்ப வேண்டும்.

பிடித்தபின் செய்வதிலும் கவனம் தேவை. ஷிகா மாநிலத்தின் 2003ஆம் ஆண்டு விதியின்படி, பிவா ஏரியில் பிடித்த பாஸ் மீனை மீண்டும் அங்கே விடுவது தடைசெய்யப்பட்டுள்ளது. 2005இல் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டத்தின்படி, அதை உயிரோடு வேறிடத்துக்குக் கொண்டுசெல்லவும் கூடாது. கரையோரம் வைக்கப்பட்டிருக்கும் சேகரிப்புப் பெட்டியில் அதைப் போட்டுவிடலாம். அல்லது அங்கேயே கொன்று வீட்டுக்கு எடுத்துச் சென்று, வாடை தங்கும் தோலை முழுவதும் நீக்கிவிட்டுப் பொரித்து உண்ணலாம். கவாகுச்சி ஏரியைப் போல ரப்பர் இரைகளையே தடைசெய்த நீர்நிலைகளும் ஜப்பானில் உண்டு; ஆகையால் வேறு ஏரிக்குச் செல்வதற்கு முன் அங்குள்ள விதியைக் கேட்டறிய வேண்டும். கிள்ளிய வால் விசிறியையும் கிழிந்த இறாலையும் தண்ணீரிலோ கற்களிலோ விட்டுவிடாமல், சட்டைப்பையில் ஒரு சிறு உறை வைத்துக்கொண்டு அதிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.