காரின் மைலேஜுக்கு ஒரு பேரேடு: செட்டிநாட்டுச் சாலைகளில் எரிபொருளை அளப்பதும் மிச்சப்படுத்துவதும்

கல்யாண வீட்டு முகப்பில் நான்கு பேர் உட்கார்ந்தால் சற்று நேரத்தில் பேச்சு காருக்கு வந்துவிடும். ஒருவர் தம் வண்டி லிட்டருக்கு இருபது கொடுக்கிறது என்பார். அடுத்தவர் இருபத்திரண்டு என்பார். அந்த இருபது எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுச் சிவப்பு விளக்கு எரியும் வரை ஓட்டிய கணக்கு என்றோ, வண்டியின் திரையில் பார்த்தது என்றோ பதில் வரும். கடைக் கணக்கு காலணா இடித்தாலும் பேரேட்டைத் திருப்பிப் பார்த்துத் தவறைக் கண்டுபிடித்த பிறகே விளக்கணைத்த ஊரில், இந்த இருபதும் இருபத்திரண்டும் கணக்கில் சேராதவை. மைலேஜைக் கூட்டுவதற்கு முன்னால் அதைச் சரியாக அளக்க வேண்டும். அளவு சரியில்லையென்றால், செய்த மாற்றத்தால் பலன் உண்டா என்பதை ஒருபோதும் அறிய முடியாது.

அளக்கும் முறை

நம்பத்தக்க வழி ஒன்றுதான்: டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, இரண்டாவது முறை உள்ளே போன லிட்டரால் இடையில் ஓடிய கிலோமீட்டரை வகுப்பது. எளிமையாகத் தோன்றினாலும் இதில் பிழை நுழையும் இடங்கள் பல. ஒரே பங்க்கை, அதிலும் ஒரே பம்ப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். தரை சமமாக இருக்கும் இடத்தில், ஒவ்வொரு முறையும் வண்டி ஒரே திசையைப் பார்த்து நிற்கட்டும். நாசில் தானாக ‘டக்’கென்று நிற்கும் முதல் தடவையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பங்க்குகளில் பெட்ரோல் போடும் தம்பி அங்கே விடமாட்டார், மீட்டரில் 2,437 ரூபாய் என்று வந்தால் “ரவுண்டா 2,500 ஆக்கிடவா சார்?” என்று கேட்டுக்கொண்டே விரலை அழுத்திவிடுவார். அந்த 63 ரூபாய்தான் உங்கள் கணக்கைக் கெடுப்பது. நாசிலை எடுக்கும் முன்பே, ஆட்டோ கட் ஆனதும் போதும் என்று சொல்லிவிடுவது நல்லது. இன்றைய கார்களில் டேங்கிலிருந்து எழும் ஆவியைப் பிடித்து வைக்கக் கரித்தூள் அடைத்த குடுவை ஒன்று உண்டு. கழுத்து வரை நிரப்பினால் திரவமே அதற்குள் போய் அதைப் பாழாக்கிவிடும். ஒரு நெடும்பயணத்துக்கு முன் நானே ததும்பத் ததும்ப நிரப்பச் சொல்லி, இரண்டு நாளில் இன்ஜின் விளக்கு எரிந்து, மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகச் செலவழித்திருக்கிறேன்.

காலையில் நிரப்புவது ஒரு பழக்கமாக இருக்கட்டும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பெட்ரோல் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தொட்டியின் வெப்பம் ஒரு நாளுக்குள் பெரிதாக மாறுவதில்லை என்பதால், காலையில் போட்டால் கூடுதல் பெட்ரோல் கிடைக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவதில் பெரிய பயன் இல்லை. ஆனால் உங்கள் டேங்கும் அதில் மிச்சமிருக்கும் பெட்ரோலும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பது அளவுக்கு நல்லது.

நிரப்பியதும் டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். பிறகு குறைந்தது 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 412 கிலோமீட்டர் ஓடி, 24.6 லிட்டர் பிடித்தது என்றால் மைலேஜ் 16.75. நாசில் சற்று முன்பின்னாக நின்று அரை லிட்டர் கூடியோ குறைந்தோ போயிருந்தால், இதே வண்டியின் மைலேஜ் 16.4 என்றும் வரும், 17.1 என்றும் வரும். ஆகவே ஒற்றை டேங்கை வைத்து முடிவு சொல்லக் கூடாது. தொடர்ந்து மூன்று டேங்குகளின் கிலோமீட்டரையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டி வகுத்தால், அதே அரை லிட்டர்ப் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். மூன்று மைலேஜ்களையும் கூட்டி மூன்றால் வகுக்கக் கூடாது. ஊருக்குள் 100 கிலோமீட்டர் லிட்டருக்குப் பத்து என்றும், வெளிச்சாலையில் 100 கிலோமீட்டர் லிட்டருக்கு இருபது என்றும் ஓடிய வண்டியின் சராசரி பதினைந்து அல்ல. 200 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் செலவு, அதாவது 13.3.

பதிவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ஓடோமீட்டர் எண், இரண்டு தசமத்தோடு லிட்டர், பங்க், எந்தப் பயணம், எத்தனை பேர், ஏசி ஓடியதா என்று ஒரு வரி எழுதினால் போதும். பில்லைச் சேர்த்துவைப்பதில் பயனில்லை. அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும். ஓடோமீட்டரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். திருமயம் வழியாகத் திருச்சிக்குப் போகும்போது கிலோமீட்டர் கற்களை ஒரு முப்பது கிலோமீட்டருக்கு ஒப்பிடலாம். செல்பேசியின் வரைபடச் செயலியையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பெனி பொருத்திய அளவை விட்டு வேறு அளவு டயர் போட்டவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

பங்க்கில் அளவு குறைகிறது என்ற சந்தேகம் வந்தால் மைலேஜை வைத்துச் சண்டை போட வேண்டாம். எடையளவுத் துறை முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் குடுவை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். கேட்டால் உங்கள் கண்முன்னே அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை முன்பின் இருக்கலாம், அதாவது அரை விழுக்காடு. உங்கள் மைலேஜ் பத்து விழுக்காடு விழுந்திருந்தால் காரணத்தைப் பெரும்பாலும் வண்டியிலோ காலிலோதான் தேட வேண்டும்.

எதனோடு ஒப்பிடுவது

விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண், உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, குறித்த ஓட்டுமுறைப்படி சோதனைக்கூடத்தில் ஓட்டிப் பெற்றது. புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐ போன்ற நிறுவனங்கள் சான்றளிப்பது. அந்த ஓட்டத்தின் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான், ஏசி ஓடாது. இரண்டு கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். சித்திரை வெயிலில் ஐந்து பேரோடு மதுரைக்குப் போகும் வண்டியிடம் அதே எண்ணை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வண்டித் திரை காட்டும் எண்ணும் பொதுவாகச் சற்றுத் தாராளமானது. மேலே சொன்ன 16.75 வண்டியின் திரை 18.1 என்று காட்டினால் எட்டு விழுக்காடு கூடுதல் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம் மாறாமல் இருக்கும் வரை திரையும் ஒப்பீட்டுக்கு உதவும்.

பழைய நோட்டுள்ளவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் கலவையின் ஆற்றல் லிட்டருக்கு ஆறேழு விழுக்காடு குறைகிறது. முன்பு கிடைத்தது பத்து விழுக்காட்டுக் கலவை என்றால், வித்தியாசம் அதில் பாதிதான். 2018இல் எழுதிய எண்ணை இன்றைய எண்ணோடு நேராக ஒப்பிட்டு இன்ஜினைப் பிரிக்கச் சொல்வது வீண்செலவு.

கூட்டும் வழிகள்

முதலில் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80இல் போகும் காரை 100க்குக் கொண்டுபோனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். டயர் உருளுவதற்கான செலவு அவ்வாறு ஏறுவதில்லை என்பதால் மொத்தப் பெட்ரோல் அதே விகிதத்தில் கூடாது. ஆனாலும் டேங்க் கணக்கில் கண்ணுக்குத் தெரியும். காரைக்குடியிலிருந்து திருச்சி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தடையே இல்லாத சாலை என்று வைத்துக்கொண்டாலும் 80க்குப் பதில் 100இல் போனால் மிஞ்சுவது பதின்மூன்றரை நிமிடம். ஊர்களும் தடுப்புகளும் குறுக்கிடும் உண்மைச் சாலையில் அதிலும் பாதிதான் மிஞ்சும். புதுக்கோட்டையில் ஒரு காபி குடித்தால் அதுவும் போயிற்று.

அடுத்தது காலின் பழக்கம். செட்டிநாடு சமதரை, இறக்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஊரின் நுழைவிலும் வேகத்தடை உண்டு. அது தூரத்தில் தெரிந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே விட்டுவிடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகளில் சக்கரமே இன்ஜினைச் சுற்றும் அந்த நேரத்தில் பெட்ரோல் பாய்வது முற்றிலும் நின்றுவிடும். நியூட்ரலில் தள்ளினால் இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கும். இன்ஜின் பிடிப்பும் போய்விடும். அம்பாசடர் காலத்தில் வண்டி ஓட்டக் கற்ற பெரியவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது கடினம். கார்புரேட்டரில் அவர்கள் செய்ததற்கு ஓரளவு பொருள் இருந்தது. மெதுவாக ஓட்டுகிறேன் என்று கீழ்க் கியரிலேயே இழுத்துக்கொண்டு இருக்காமல், பெட்ரோல் வண்டியில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டி வரும்போது மேல் கியருக்கு மாற்றுவது நல்லது. இன்ஜின் அதிர்ந்து முனகும் அளவுக்கு முன்கூட்டியே மாற்றவும் வேண்டாம்.

டயர்க் காற்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், சரியான நேரத்தில் பார்ப்பவர்கள் குறைவு. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. டயருக்குள் ஐந்தரை டிகிரி சூடு ஏறினால் ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் கூடும். தேவகோட்டையிலிருந்து நண்பகல் வெயிலில் வந்து நின்ற வண்டியில் 36 காட்டுகிறது என்று மூன்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலை அது குறைந்த காற்றோடுதான் நிற்கும். காலையில், வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடும் முன்னால், இரு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். பெட்ரோல் மிச்சம் விழுக்காட்டுக் கணக்கில் சிறியதுதான். ஆனால் டயரின் ஆயுளும் கூடவே வருகிறது, செலவோ ஏறத்தாழ ஒன்றுமில்லை.

ஏசியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை; இந்த ஊர் வெயில் அப்படி. நிழலில் நிறுத்துங்கள், கிளம்பிய முதல் நிமிடம் நான்கு கண்ணாடியையும் இறக்கிச் சூட்டை வெளியேற்றுங்கள், பிறகு உட்காற்றைச் சுற்றவிட்டு 25இல் வையுங்கள். ஏசி உண்மையில் பெட்ரோலைத் தின்பது நிற்கும் வண்டியில்தான். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரத்தாரின் குலக் கோவில்களான ஒன்பது நகரக் கோவில்களையும் ஒரே நாளில் தரிசிக்கும் குடும்பங்கள் உண்டு. உள்ளே அர்ச்சனை முடியும் வரை டிரைவர் ஏசி போட்டுக்கொண்டு வண்டியில் இருப்பார். சிறிய பெட்ரோல் இன்ஜின் அப்படி நின்று ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். ஒன்பது கோவிலிலும் இருபது நிமிடம் என்றால் மூன்று மணி நேரம், மூன்று லிட்டர். லிட்டருக்குப் பதினைந்து ஓடும் வண்டியில் 45 கிலோமீட்டர் ஓடாமலே செலவாகிவிட்டது. டிரைவரை வெயிலில் வதக்க வேண்டியதில்லை. கோவில் மண்டபத்து நிழலில் அவருக்கும் இடம் உண்டு.

சுமை அடுத்தது. 45 கிலோ கூடினால் மைலேஜ் சுமார் ஒரு விழுக்காடு குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆத்தங்குடியில் வாங்கிய தரைக்கற்கள் நான்கு பெட்டியை இறக்கச் சோம்பல்பட்டு மூன்று வாரம் டிக்கியில் சுமந்தேன். அந்த டேங்கின் வரியில் ‘கல்’ என்று எழுதியிருக்கிறது. கூரைக் கேரியர் காலியாக இருந்தாலும் காற்றை இழுக்கும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

காந்தம், மாத்திரை, பெட்ரோல் குழாயில் மாட்டும் கருவிகள் ஆகியவற்றைப் பற்றிப் பேச ஒரு வரி போதும்: வாங்காதீர்கள். ஏர் ஃபில்டரைச் சர்வீஸ் புத்தகத்தில் சொன்னபடி மாற்றுங்கள், ஆனால் மைலேஜுக்காக அல்ல. கணினி எரிபொருளை அளந்துவிடும் வண்டியில் அடைபட்ட ஃபில்டர் வேகத்தைக் குறைக்குமே தவிர மைலேஜைப் பெரிதாகக் குறைப்பதில்லை.

எந்த மாற்றத்தைச் செய்தாலும் ஒன்று மட்டும் செய்து, மூன்று டேங்க் ஓட்டிப் பாருங்கள். டயர் காற்று, ஆயில், ஓட்டும் வேகம் என மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எதற்கு நன்றி சொல்வதென்று தெரியாது.

பூட்டிய வீட்டில் நிற்கும் வண்டி

சென்னையில் குடியிருந்து, திருவிழாவுக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் மட்டும் ஊருக்கு வருபவர்கள் பலர். அவர்களின் கார் மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். மைலேஜ் திடீரென்று விழுந்துவிட்டது என்ற புகார் பெரும்பாலும் இத்தகைய வண்டியில்தான் வரும். காற்று இறங்கியிருக்கும், ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்றதால் பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை பூட்டிவிட்டுப் போகும்போது முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள்.

இப்போதே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் பட்டறை தேவையில்லை. பள்ளத்தூர் வரை போய்த் திரும்பி வாருங்கள். கடைசி அரைக் கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் வண்டியைத் தானாக நிற்கவிடுங்கள். இறங்கி நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டுங்கள், உலோகத்தைத் தொட வேண்டாம். மூன்று சக்கரம் வெதுவெதுப்பாக இருந்து ஒன்றில் மட்டும் அனல் அடித்தால், பெட்ரோல் எரிவது அங்கேதான். அந்தச் சக்கரத்தின் பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு, நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். எவ்வளவு மிச்சம் என்பதை அதற்குப் பின் வரும் மூன்று டேங்குகள் சொல்லும்.