அபூர்வப் பறவையா? வரப்புக்கு எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள்?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே பைக்கை விட்டால் அரை மணி நேரத்துக்குள் தமிழ்நாடு வந்துவிடும். பனைமரமும் கரிசல் மண்ணும் நிலக்கடலைக் காடும் அப்படியேதான் இருக்கும். டீக்கடையில் பேசுகிற தமிழ்கூடப் பெரிதாக மாறாது. ஆனால் பறவைப் பட்டியல் மாறிவிடும். இந்தப் பக்கம் ஒரு சாம்பல்தலை வானம்பாடி கண்ணில் பட்டால், அதைப் பார்க்க எர்ணாகுளத்து நண்பர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பி வருவார்கள். அந்தப் பக்கம் போனால், ஆடு மேய்ப்பவர் காலடியிலிருந்து தினமும் எழுந்து பறக்கிற குருவி அது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டுக் கிடக்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் கொங்குச் சமவெளியின் வறட்சி எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவுக்குள் நுழைகிறது. வறண்ட நிலத்துப் பறவைகளும் கூடவே வருகின்றன. 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடந்து, எண்ணி, பறவைகளின் பரவல் வரைபடம் ஒன்றைத் தயாரித்தார்கள். மற்றப் பக்கமெல்லாம் காலியாக, எங்கள் மூலையில் மட்டும் புள்ளி விழுகிற பறவைகள் உண்டு என்பதை அதில் பார்க்கலாம்.

அதனால் எங்கள் ஊர்ப் பறவை பார்ப்பவர்கள் செய்கிற முதல் தவறு, ‘அபூர்வம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எங்கே அபூர்வம் என்று சொல்லாமல் விடுவது. இந்தியாவிலா, கேரளத்திலா, பாலக்காட்டிலா, இல்லை இந்த மாதத்திலா? ‘கேரளத்தின் மற்ற மாவட்டங்களில் குறைவு, இங்கே ஆண்டு முழுக்க உண்டு’ என்று ஒரு வரி சேர்த்தால் ஐம்பது பேர் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவது மிச்சம். இந்த நிலையும் நிலைத்து நிற்காது. ஒரு காலத்தில் கேரளத்தில் மயில் எளிதில் கண்ணில் படாத பறவை. மயிலுக்கென்றே பாலக்காட்டில் சூலன்னூரில் சரணாலயம் இருக்கிறது. இன்று மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது, நெல் விதைத்தவர்கள் திட்டிக்கொண்டே விரட்டுகிறார்கள்.

இரண்டாவது தவறு சின்னதாகத் தெரியும், ஆனால் எல்லையில் வசிப்பவர்களுக்கு இதுதான் பெரியது. பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கிற இ-பேர்டு (eBird) போன்ற செயலியில் பட்டியலைப் பதியும்போது இடத்தைக் குறிக்கும் ஊசியை வரைபடத்தில் ஏனோதானோ என்று குத்துவது. எல்லை ஊரான வேலந்தாவளத்தில் விரல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் பறவை மாநிலம் மாறிவிடுகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்துச் சாதாரணக் குருவி பாலக்காட்டின் ‘புதிய பதிவு’ ஆகிவிடும், அல்லது உண்மையான பாலக்காட்டுப் பதிவு யார் கண்ணிலும் படாமல் அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் கரைந்துவிடும். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சி வரை ஒரே பட்டியலாக இழுத்துக்கொண்டு போவதும் இதே வகை. சாவடி வந்ததும் பட்டியலை முடித்துவிட்டு அந்தப் பக்கம் புதிதாகத் தொடங்குங்கள். வாளையாறு அணைப் பக்கம் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது அடையாளம். இங்கே நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நானே வழுக்கி விழுந்த இடம் இது.

எங்கள் கரிம்பனைக் காட்டில் மொட்டைப் பனை ஒன்றுக்கு ஒரு நீல இறக்கைப் பனங்காடை என்று சொல்லலாம். அதன் உறவான ஐரோப்பியப் பனங்காடை செப்டம்பர், அக்டோபரில் ஆப்பிரிக்காவுக்குப் போகிற வழியில் இந்தியாவின் வடமேற்கைத் தொட்டுச் செல்லும். தெற்கே எப்போதாவதுதான் தென்படும். ஒரு புரட்டாசி மாதக் காலையில், எதிர்வெயிலில், மின்கம்பியில் ‘நீல நெஞ்சுடன்’ ஒன்றைப் பார்த்தேன். பார்த்த மறு நிமிடம் எங்கள் பறவை பார்ப்பவர்கள் குழுவில் போட்டுவிட்டேன். மதியத்துக்குள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். பறவையும் அதே கம்பியில்தான் இருந்தது. அது நம்ம ஊர்ப் பனங்காடை.

நான் பார்க்காமல் விட்டது இறக்கையை. நம்ம பனங்காடை பறக்கும்போது கருநீல இறக்கையின் நுனிப் பக்கம் பளீரென்று ஒரு வெளிர்நீலப் பட்டை தெரியும். ஐரோப்பியப் பறவைக்கு அந்தப் பட்டை கிடையாது, பறக்கும் இறகுகள் கறுத்தே இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது அதற்குத் தலை, கழுத்து, நெஞ்சு எல்லாம் ஒரே வெளிர்நீலம். நம்முடையதற்கு நெஞ்சு பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, தொண்டையில் வெள்ளைக் கீற்றுகள். ஒரே ஒரு முறை அது பறக்கட்டும் என்று காத்திருந்தால் ஆறு பேருக்கு மத்தியானச் சோறு கெட்டிருக்காது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புத்தகத்தையோ செயலியையோ திறப்பதற்கு முன், கண்ணால் பார்த்ததை மட்டும் நோட்டில் எழுதிவிடுவேன். படத்தைப் பார்த்த பிறகு எழுதினால், படத்தில் இருப்பதெல்லாம் நாம் பார்த்ததுபோலவே ஞாபகத்தில் ஏறிவிடும். மங்கலான படமானாலும் அழிக்காதீர்கள். அழகில்லாத படம் என்று நீக்கிவிட்டு, ‘நல்லாத் தெரிஞ்சுது, நம்புங்க’ என்று சொல்பவர்களை வைத்து என்ன செய்வது?

பறவைக் குரலைக் கேட்டுச் செயலி சொல்கிற பெயரை அப்படியே பதிவதும் கூடாது. கரிச்சான் வைரி என்ற வேட்டைப் பறவையைப்போலக் கத்தும். காட்டுப் பக்கம் போனால் துடுப்புவால் கரிச்சான் ஒரே மரத்தில் உட்கார்ந்து நாலைந்து பறவைகளின் குரலில் கச்சேரி வைக்கும். செயலி பாவம், நாலைந்து பெயரையும் வரிசையாகக் காட்டும். இளம் செம்பருந்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வெள்ளைத் தலை இன்னும் வராமல் பழுப்பாகத் திரிகிற அந்தக் குஞ்சு, இந்த வட்டாரத்தில் எத்தனை கழுகுகளின் பெயரில் பதிவாகியிருக்கிறதோ! வால் நுனி வட்டமா, பிளவா என்று பார்த்தாலே கரும்பருந்துக் குழப்பமாவது தீரும். கூண்டிலிருந்து தப்பிய காக்கட்டீல், பட்ஜி போன்ற வளர்ப்புக் கிளிகள் வந்தால் தாராளமாகப் பதியுங்கள், தப்பிய பறவை என்ற குறிப்போடு.

பெயர் விஷயத்தில் எங்களுக்கு வேறு ஒரு தலைவலி. குழுவில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். ‘பனங்காக்கை இருக்கு’ என்று மலையாள நண்பர் எழுதினால் புதிதாக வந்த தமிழர் காக்கையைத் தேடுவார். அது பனங்காடை. ‘பொன்மான்’ என்றால் சீதை கேட்ட மான் இல்லை, மீன்கொத்தி. அபூர்வப் பறவை என்றால் இரண்டு மொழிப் பெயரோடு அறிவியல் பெயரையும் போட்டுவிடுவது நல்லது.

இனிச் சொல்லப்போவது அடையாளத் தவறு போலத் திருத்திக்கொள்ளக் கூடியது இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியின் பாறைத் திட்டில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. இரண்டு குஞ்சுகள், பஞ்சு உருண்டைபோல. ஊர்ப் பெயரைச் சொல்லாமல்தான் படம் போட்டேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு. ஆனால் படத்தின் மூலையில் காற்றாலையும் மின்கம்பத்து எண்ணும் இருந்தன. இன்னொருவருக்குப் படத்தை டாக்குமெண்ட்டாக வேறு அனுப்பியிருந்தேன். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் இடக் குறிப்பை உரித்துவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அது உள்ளேயே இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு குவாரி விளிம்பில் பதினாலு பேர். தாய் ஆந்தை பட்டப்பகலில் எழுந்து பறந்தது. காக்கைகள் விடுமா? கூட்டமாகத் துரத்தின. அடுத்த வாரம் போனபோது திட்டில் எச்சம் மட்டும் இருந்தது. குஞ்சுகள் என்ன ஆயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூடு, குஞ்சு, ஆந்தை அடையும் மரம், இந்த மூன்றின் இடத்தையும் யாருக்கும் சொல்லாதீர்கள், நெருங்கிய நண்பருக்கும். குஞ்சுகள் பறந்து போன பிறகு படம் போடலாம், ஒன்றும் குறையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. துப்பாக்கி வேண்டியதில்லை. படம் பார்ப்பவர் எல்லோரும் படம் எடுப்பவரும் இல்லை. தீபாவளி நெருங்கினால் மாந்திரீகத்துக்கு ஆந்தை தேடுபவர்கள் உண்டு. கவுதாரிக்கும் காடைக்கும் கண்ணி வைப்பவர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு. குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதை, அதுவும் ஒருவர் பின் ஒருவராக, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பொத்தி வைத்துக்கொள்வதும் சரியில்லை. வலசை வந்து இரண்டு நாள் தங்குகிற பறவையை மீன்கரை அணையில் பார்த்துவிட்டு மூன்று மாதம் கழித்து வெளியே சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் யாருக்கும் பயன் இல்லை. இ-பேர்டில் ஒரு பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவைக்க வழி இருக்கிறது. மிக ஆபத்தில் உள்ள சில இனங்களின் இடத்தை அதுவே காட்டாது. பதிவும் இருக்கும், பறவையும் இருக்கும்.

பதிவைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ‘விவரம் கொடுங்கள்’ என்று கேட்டால் கோபித்துக்கொள்பவர்கள் நிறைய. அவர் உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. இந்தப் பகுதியில் இந்த மாதத்தில் எதிர்பாராத பறவை என்றால் யாரிடமும் கேட்பார். தவறு என்று தெரிந்தால் பதிவில் மட்டும் திருத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். முதலில் கூவிய அதே குழுவில் திருத்தத்தையும் போடுங்கள். என் பனங்காடைத் திருத்தத்துக்குக் கிடைத்த கிண்டல் ஒரு வாரம் ஓடியது, அவ்வளவுதான்.

கடைசியாக, தோட்டக்காரர். பறவை நிற்கிற நிலத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். ‘வரப்புல போறோம்ங்க’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் பத்துப் பேர் நிலக்கடலையை மிதித்துவிட்டுப் போனால், அடுத்த முறை அந்தப் பக்கம் யாருக்கும் வழி கிடைக்காது. கேட்டால் வழி மட்டும் கிடைப்பதில்லை. எங்கள் பக்கம் கள் இறக்குகிற அண்ணன் ஒருவர் தினமும் பனை உச்சியில் இருப்பவர். அவரிடம் நாங்கள் செய்த தவறு, புத்தகத்தை விரித்து ‘இந்தப் பறவையா?’ என்று காட்டியது. விரலை எங்கே வைத்தாலும் ‘ஆமா, இதும் வரும்’ என்றுதான் சொல்வார், நம்மை ஏமாற்ற மனம் வராமல்.

போன மாதம் புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, “பனங்காடையில வேற மாதிரி ஏதாவது பாத்திருக்கீங்களாண்ணா?” என்று மட்டும் கேட்டேன்.

“புரட்டாசில ஒண்ணு வரும் தம்பி. நாலு நாள்தான் இருக்கும். தலையெல்லாம் வெளுத்த நீலம்.”

“பறக்கறப்ப?”

கொஞ்சம் யோசித்தார். “றெக்கை ஓரம் கறுப்பு. மத்ததுக்கு இருக்கற அந்தப் பட்டை இல்ல.”

அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, தேதி போட்டு வைத்திருக்கிறேன். குழுவில் இன்னும் சொல்லவில்லை. புரட்டாசி வரட்டும்.