எதிரணி நண்பரைச் சீண்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்து தொழிலாளர் தின விடுமுறை வந்துவிட்டால் அமெரிக்காவில் என்.எஃப்.எல். எனும் அமெரிக்கக் கால்பந்து லீகின் சீசன் களைகட்டிவிடும். 32 அணிகள், 18 வாரங்கள், ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டங்கள். அதுவரை புல்வெட்டுவது, ஸ்கூல் பஸ், வெயில் என்று பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் திடீரென்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். இந்தக் கூத்தை ரசித்துப் பார்க்க நல்ல இடம் இல்லினாய், விஸ்கான்சின் மாநிலங்களின் எல்லை. தெற்கே சிகாகோ பேர்ஸ், வடக்கே கிரீன் பே பேக்கர்ஸ். 1921இல் முதல்முறை மோதியவர்கள் இன்னும் ஓயவில்லை. லீகின் 100ஆவது சீசனை 2019இல் தொடங்கியபோது, முதல் ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுத்ததும் இந்த இரண்டு அணிகளைத்தான். அதில் பேக்கர்ஸ் 10-3 என்று வென்றது. ஆட்டம் அறுவை என்பது வேறு விஷயம்.

லீகின் ஒரே டிவிஷனில், அதாவது ஒரே பிரிவில், இருப்பதால் இரண்டு அணிகளும் ஆண்டுக்கு இருமுறை கட்டாயம் ஆடியாக வேண்டும். எல்லையோர ஊர்களில் ஒரே வீட்டில் மாமனார் பேர்ஸ், மருமகள் பேக்கர்ஸ் என்று இருப்பது சகஜம். செப்டம்பரில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையை டிசம்பரில் வட்டியோடு திருப்பித் தருவார்கள். வேலைக்காகச் சிகாகோ பக்கமோ மில்வாக்கி பக்கமோ குடிபோன நம்மவர்கள் பலரும் முதல் சீசனிலேயே உற்சாகமாக ஒரு கட்சியில் சேர்ந்து, இரண்டாவது வாரமே வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். சீண்டலில் தப்பே இல்லை. எதைச் சீண்டுகிறோம், எப்போது சீண்டுகிறோம் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

ஆகஸ்டிலேயே வெடி வெடிப்பது

சீசனுக்கு முன்னால் நடக்கும் ப்ரீசீசன் ஆட்டங்களுக்குப் புள்ளிப் பட்டியலில் இடமே கிடையாது. பெரிய வீரர்கள் சில நிமிடங்கள் தலைகாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மிச்ச நேரம் முழுக்க, அணியில் இடம் பிடிக்கத் துடிக்கும் புதுப் பையன்கள் ஆடுவார்கள். அதில் ஜெயித்ததை வைத்து நண்பரைக் கிண்டல் செய்யக் கிளம்பும் முன் 2008ஆம் ஆண்டின் டெட்ராய்ட் லயன்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இதே டிவிஷன்காரர்கள்தான். ப்ரீசீசனில் நாலுக்கு நாலு ஜெயித்தார்கள். சீசன் தொடங்கியது, பதினாறுக்குப் பதினாறும் தோற்றார்கள். 2017இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அதே சாதனையை அப்படியே திரும்பவும் செய்துகாட்டியது.

முதல் வார ஆட்டத்தை வைத்து ஆண்டு முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது அடுத்த தவறு. 2003 சீசனின் முதல் வாரத்தில் பஃபலோ பில்ஸ் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 31-0 என்று நொறுக்கியது. அன்று பஃபலோவில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று யூகித்துக்கொள்ளலாம். கடைசி வாரத்தில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். ஸ்கோர் அதே 31-0, ஆனால் ஜெயித்தது பேட்ரியட்ஸ். அந்த ஆண்டு லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் கோப்பையும் அவர்களுக்கே போனது.

ஆட்டம் முடியும் முன் போனை எடுப்பது இதற்கெல்லாம் அண்ணன். 2018 செப்டம்பர் 9, கிரீன் பேயின் லாம்போ ஃபீல்ட். பேர்ஸ் 20-0 என்று முன்னிலை. பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரான பேக்கர்ஸின் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸை முதல் பாதியிலேயே காலில் அடிபட்டு வண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சிகாகோவிலிருந்து கேலி மெசேஜ்கள் பறந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த ஆள் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். முடிவு 24-23, பேக்கர்ஸ் வெற்றி. அந்த இடைவேளையில் அனுப்பிய மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் விஸ்கான்சினில் இருப்பார்கள்.

கணக்குத் தெரியாமல் வாயைக் கொடுப்பது

பழைய கணக்கை எடுப்பதானால் இரண்டு பக்கக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மொத்தச் சாம்பியன் பட்டங்கள் பேக்கர்ஸுக்கு 13, பேர்ஸுக்கு 9. சூப்பர் பௌல் மட்டும் பார்த்தால் நான்குக்கு ஒன்று. பேர்ஸின் அந்த ஒன்று 1985 சீசனில் வந்தது. அந்த அணியின் தடுப்பாட்டத்தைப் பற்றிச் சிகாகோவில் இன்றும் நேற்று நடந்ததுபோல் பேசுவார்கள். பேக்கர்ஸ் ரசிகர் இந்த இடத்தில் கொட்டாவி விட்டுக் காட்டுவார், அது மரபு. ஆனால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் மற்ற எந்த அணியையும்விட அதிகம் பேரை வைத்திருப்பது பேர்ஸ்தான். லீக் வரலாற்றில் அதிக வெற்றிகள் என்ற பெருமையும் பல பத்தாண்டுகள் அவர்களிடமே இருந்தது. 2022 டிசம்பரில் பேக்கர்ஸ் அதைத் தட்டிப் பறித்தது, அதுவும் பேர்ஸின் சொந்த மைதானமான சோல்ஜர் ஃபீல்டில் அவர்களைத் தோற்கடித்தே.

"நாங்க ஜெயிச்சோம்" என்று சொல்லும் ரசிகரை "நீயா விளையாடின?" என்று மடக்குவது பொதுவாக நல்ல பதிலடி. பேக்கர்ஸ் ரசிகரிடம் மட்டும் இது செல்லாது. அந்த அணிக்கு முதலாளி என்று ஒரு கோடீசுவரர் கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள் இருக்கிறார்கள். பங்குக்கு லாபப் பணம் வராது, சந்தையில் விற்கவும் முடியாது. வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான். நீங்கள் மடக்கிய ஆள் எழுந்துபோய் அந்தச் சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினால் உங்களிடம் பதில் இருக்காது.

விஸ்கான்சின்காரர்களைப் பாலாடைக்கட்டித் தலையர்கள் என்று கேலி செய்து பயனில்லை. சீஸ்ஹெட் என்று அவர்களை இளக்காரமாகக் கூப்பிட்டது இல்லினாய் பக்கம்தான். 1987இல் மில்வாக்கிக்காரர் ஒருவர், அம்மாவின் சோபாவுக்குள் இருந்த நுரைப்பஞ்சை முக்கோணமாக வெட்டி, ஓட்டை போட்டு, மஞ்சள் அடித்துத் தலையில் வைத்துக்கொண்டு பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போனார். அது தொழிலாகவே வளர்ந்து, 2023இல் பேக்கர்ஸ் அணியே அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. இதற்குச் சிகாகோ தரப்பில் சரியான பதில் சீஸ் துருவி வடிவத் தொப்பி. இல்லினாய்க்காரர்களைக் குறிக்க விஸ்கான்சினில் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று உண்டு. அதை இங்கே விரித்து எழுத முடியாது, நீங்களும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

அடிபட்டவரைப் பார்த்துச் சிரிப்பது

கேலியிலிருந்து வன்மத்துக்குத் தாண்டும் கோடு இதுதான். 1986 நவம்பர் 23, சோல்ஜர் ஃபீல்ட். பேர்ஸின் குவாட்டர்பேக் ஜிம் மெக்மேன் பந்தை வீசி முடித்து, எதிரணி அதைப் பிடித்தும்விட்டது. அவர் வேலை முடிந்தது என்று நின்றார். பின்னாலிருந்து வந்த பேக்கர்ஸின் சார்ல்ஸ் மார்ட்டின் அவரை அப்படியே தூக்கி, பந்து வீசும் தோள் தரையில் மோதும்படி அடித்துப் போட்டார். மார்ட்டின் இடுப்பில் ஒரு துண்டு தொங்கியது, அதில் பேர்ஸ் வீரர்களின் ஜெர்சி எண்கள் எழுதியிருந்தன. மெக்மேனின் 9ம் அதில் உண்டு. மெக்மேனுக்கு அத்தோடு சீசன் முடிந்தது. மார்ட்டினுக்கு இரண்டு ஆட்டங்கள் தடை, அந்தக் காலத்துக்கு அது பெரிய தண்டனை. அன்றைய வீடியோவைப் போட்டுக்காட்டி இன்றும் சிரிக்கும் பேக்கர்ஸ் ரசிகர் எங்காவது இருந்தால், அவரோடு சேர்ந்து ஆட்டம் பார்க்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

"நடிக்கிறான்" என்பதும் இதே வகைதான். 2011 ஜனவரியில் சூப்பர் பௌலுக்கு முந்தைய கட்டத்தில் இரண்டு அணிகளும் மோதின. பேர்ஸின் குவாட்டர்பேக் ஜே கட்லர் முழங்கால் வலியோடு பாதியில் வெளியேறினார். எதிரணி ரசிகர்கள் இருக்கட்டும், மற்ற அணி வீரர்களே அவர் கோழை என்கிற தொனியில் ட்விட்டரில் எழுதினார்கள். சொந்த ஊர் ரசிகர்களில் சிலர் அவருடைய ஜெர்சியைக் கொளுத்தினார்கள். மறுநாள் ஸ்கேனில் முழங்கால் தசைநார்க் காயம் உறுதியானது. கொளுத்திய ஜெர்சி கொளுத்தியதுதான்.

2023 ஜனவரி 2இல் சின்சினாட்டி மைதானத்தில் பஃபலோவின் டமார் ஹாம்லின் ஒரு மோதலுக்குப் பின் எழுந்து நின்று, மறு விநாடியே சாய்ந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே மார்பை அழுத்தி உயிர் மீட்டார்கள். அந்த ஆட்டம் பிறகு நடக்கவே இல்லை. குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க 2,500 டாலர் வேண்டும் என்று அவர் முன்பு தொடங்கியிருந்த நிதிக்கு எல்லா அணி ரசிகர்களும் பணம் அனுப்பினார்கள். சில நாட்களில் அது 80 லட்சம் டாலரைத் தாண்டியது. ஹாம்லின் குணமாகி மறுபடி ஆட வந்தார். அந்த இரவைப் பார்த்தவர்கள், எதிரணி வீரர் விழுந்தால் அவர் எழுந்திருக்கும்வரை போனைக் கையில் எடுப்பதில்லை.

ஆளைத் திட்டுவது

வீரரின் குடும்பம், பிறப்பு, முகம் என்று போவது அசிங்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அசிங்கம் ஒருபக்கம் இருக்க, அது புத்திசாலித்தனமும் இல்லை. அவர் நாளைக்கே உங்கள் அணிக்கு வந்துவிடலாம். மேலே சொன்ன அதே மெக்மேன், ஆட்ட வாழ்வின் கடைசிக் காலத்தில் பேக்கர்ஸில் மாற்று குவாட்டர்பேக்காக இருந்து 1996 சீசனின் சூப்பர் பௌல் மோதிரத்தை வாங்கினார். வெள்ளை மாளிகை விருந்துக்குப் பேக்கர்ஸ் அணியோடு போனபோது பேர்ஸ் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போனார். 1985 பேர்ஸ் அணிக்கு அந்த விருந்து கிடைக்காமல் போன வருத்தம் அவருக்கு. பேர்ஸின் தூணாக இருந்த ஜூலியஸ் பெப்பர்ஸ் 2014இல் பேக்கர்ஸ் பக்கம் போனார். பேக்கர்ஸ் ரசிகர்கள் பதினாறு ஆண்டுகள் கொண்டாடிய பிரட் ஃபார்வ், 2009இல் இன்னொரு பரம எதிரியான மின்னசோட்டா வைக்கிங்ஸின் ஊதாச் சட்டையில் லாம்போவுக்கு வந்து இறங்கினார். மைதானமே ஊளையிட்டது. அவர் ஜெயித்துவிட்டுப் போனார். 2015இல் அதே மைதானத்தில் அவருடைய எண் 4க்கு மரியாதை செய்து, இனி வேறு யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்தார்கள்.

வீரர் பேசிய திமிர்ப் பேச்சை ரசிகர் கடன் வாங்குவதும் ஆபத்து. 2021 அக்டோபரில் சோல்ஜர் ஃபீல்டில் பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் ஓடி டச்டவுன் போட்ட ராட்ஜர்ஸ், ரசிகர் கூட்டத்தைப் பார்த்து நீங்கள் இன்னமும் எனக்குத்தான் சொந்தம் என்ற பொருளில் கத்தினார். பேக்கர்ஸ் ரசிகர்கள் அதைப் பொன்மொழி ஆக்கிவிட்டார்கள். 2023இல் அவர் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய்விட்டார். சொந்தம் கொண்டாடியவர் போய்விட, பேர்ஸ் நண்பரின் முகத்தில் விழிக்க வேண்டியது நீங்கள்தான்.

எதிரணி அடியோடு ஒழிந்து போகட்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு பழைய கதை. 1956இல் கிரீன் பே ஊருக்குப் புது மைதானம் கட்டக் கடன் வாங்கலாமா என்று வாக்கெடுப்பு. மைதானம் இல்லாவிட்டால் அந்தச் சின்ன ஊரில் அணி நிலைப்பதே சந்தேகம். வாக்கெடுப்புக்கு முன் ஊருக்கு வந்து, மைதானம் வேண்டும் என்று மேடையில் பேசியவர் ஜார்ஜ் ஹாலஸ். பேர்ஸ் அணியை நிறுவி, நடத்தி, பயிற்சியும் கொடுத்தவர். வாக்கெடுப்பு ஜெயித்தது. 1957இல் திறந்த அந்த மைதானத்தின் முதல் ஆட்டத்தில் ஹாலஸின் அணியைப் பேக்கர்ஸ் 21-17 என்று தோற்கடித்தது. அதுதான் இன்றைய லாம்போ ஃபீல்ட்.

அவர்கள் மைதானத்தில், நம் அலுவலகத்தில்

எதிரணி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். வண்டி நிறுத்தும் இடத்தில் அடுப்பு வைத்து பிராட்வர்ஸ்ட் என்ற இறைச்சி சாசேஜைச் சுட்டுக்கொண்டிருப்பவர்கள் உங்கள் ஜெர்சியைப் பார்த்து ஒரு கிண்டல் அடித்துவிட்டு, கையில் ஒரு பன்னையும் திணிப்பார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள். லாம்போவில் பெரும்பாலும் நீளமான அலுமினிய பெஞ்சுகள்தான். குளிர்காலக் கோட்டோடு தோளோடு தோள் இடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் கத்தினால் மூன்று மணி நேரமும் அவரோடுதான்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜனவரி உதாரணம். பிலடெல்பியாவில் நடந்த ஆட்டத்தில், பேக்கர்ஸ் ஜெர்சியில் வந்த ஒரு பெண்ணை ஈகிள்ஸ் ரசிகர் ஒருவர் காதுகொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளில் திட்டினார். பெண்ணின் துணைவர் அதை வீடியோ எடுத்தார். சில நாட்களுக்குள் திட்டியவருக்கு வேலை போனது, ஈகிள்ஸ் அணியும் மைதானத்துக்குள் வரத் தடை போட்டது.

அலுவலகத்தில் நிலைமை தலைகீழாகவும் போகலாம். 2011இல் பேர்ஸ் தோற்ற மறுநாள் சிகாகோ புறநகர்க் கார் ஷோரூம் ஒன்றில் விற்பனையாளர் ஒருவர் பேக்கர்ஸ் டை கட்டிக்கொண்டு வந்தார். கழற்றச் சொன்னார்கள், மறுத்தார், வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். காலமான தன் பாட்டி பேக்கர்ஸ் ரசிகை, அவர் நினைவாகக் கட்டினேன் என்றார் அவர். செய்தி பரவியதும் வேறொரு ஷோரூம் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. நிறுவனம் செய்தது அற்பத்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தோற்ற மறுநாள் காலையில் எதிரே வருபவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறக்கலாம்.

போனும் பந்தயமும்

கேபிளில் பார்ப்பவரைவிட ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவருக்கு ஆட்டம் அரை நிமிடம்வரை தாமதமாக வரும். உங்கள் வீட்டில் டச்டவுன் ஆகும்போது நண்பர் வீட்டில் பந்து இன்னும் கிளம்பியிருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் அனுப்பும் ஒரு ஸ்மைலி அவருடைய ஆட்டத்தையே கெடுத்துவிடும். விளம்பரம் வரும்வரை பொறுங்கள்.

பந்தயம் கட்டினால் பணத்தை விட்டுவிடுங்கள். தோற்றவர் வாரம் முழுக்க முணுமுணுப்பார். 2011 சூப்பர் பௌலுக்கு மில்வாக்கி, பிட்ஸ்பர்க் நகர ஓவிய அருங்காட்சியகங்கள் ஓவியத்தை வைத்துப் பந்தயம் கட்டின. பேக்கர்ஸ் ஜெயித்ததால் பிட்ஸ்பர்க்கின் ரெனுவார் ஓவியம் ஒன்று சில காலம் மில்வாக்கிச் சுவரில் தொங்கியது. வீட்டளவில் இதற்கு ஈடு, தோற்றவர் எதிரணி ஜெர்சி போடுவது. எத்தனை மணி நேரம், வெளியே கடைக்குப் போக வேண்டுமா, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடலாமா என்பதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். டிராவானால் என்ன என்பதையும் சேர்த்து. வழக்கமான சீசனில் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் சமநிலை என்றால் அப்படியே முடித்துவிடுவார்கள். இந்த இரண்டு அணிகளுக்குள்ளேயே ஆறு முறை அப்படி நடந்திருக்கிறது. டிரா என்றால் இருவருமே ஜெர்சி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.