பழைய சாமான்களை லெகோவில் கட்டும்போது எங்கே சறுக்குகிறோம்

டிபன் கேரியர், டிரான்சிஸ்டர் ரேடியோ, தையல் மெஷின், பல்லாங்குழி, தலையாட்டி பொம்மை. வீட்டிலிருந்து எப்போதோ காணாமல் போனவற்றை லெகோ துண்டுகளால் திரும்பக் கட்டிப் பார்க்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. லெகோ நிறுவனமே பெரியவர்களுக்காக இந்த வழியில் இறங்கியிருக்கிறது: 2021இல் தட்டச்சுப்பொறி, 2024இல் பழைய வானொலியும் போலராய்டு கேமராவும், 2025இல் கேம் பாய். நம் வீட்டுச் சாமான்களை நாமே வடிவமைத்தால்தான் உண்டு. அங்கேதான் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவை கைத்திறன் போதாமல் வருபவை அல்ல. அந்தப் பொருளில் எது நம்மைத் தொட்டது என்று யோசிக்காமலே முதல் துண்டை எடுத்து வைப்பதால் வருபவை.

எல்லாவற்றையும் பிடிக்கப் பார்ப்பது

ஒரு பொருளை நினைவுபடுத்துவது பெரும்பாலும் அதன் வெளிக்கோடு அல்ல, கையில் எடுத்தபோது அது செய்த ஒரு காரியம். ரேடியோ என்றால் குமிழைத் திருகும்போது எண்களுக்கு மேல் நகரும் சிவப்பு முள். தையல் மெஷின் என்றால் சக்கரத்தைச் சுற்ற ஊசி இறங்கி ஏறுவது. டிபன் கேரியர் என்றால் மேலே கொக்கியை நெம்பித் திறந்து, அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பது. நான்கு அடுக்கையும் ஒட்டினாற்போல் ஒரே உருளையாகக் கட்டினால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது தூண்தான்.

லெகோ தட்டச்சுப்பொறியைக் கவனியுங்கள். 2,079 துண்டுகள் இருந்தும் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனிக் கம்பி எழும்பாது. எந்த விசையைத் தட்டினாலும் நடுவில் உள்ள ஒரே கம்பிதான் மேலே வருகிறது, அதோடு காகிதம் தாங்கும் வண்டி நகர்கிறது. தட்டச்சு தெரிந்தவர் கைக்கு அது போதும். மற்ற கம்பிகள் வெறும் தோற்றம். எதை அசைய வைப்பது, எதைத் தோற்றத்தோடு விட்டுவிடுவது என்ற அந்த முடிவைத்தான் நாமும் முதலில் எடுக்க வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைச் சரியாகச் செய்யுங்கள். மூன்று அசைவுகளை அரைகுறையாகச் செய்த மாதிரியைவிட அது பல மடங்கு உயிரோடு இருக்கும்.

அளவைக் கடைசியில் முடிவு செய்வது

அடிப்பலகையை எடுத்து, மனதுக்குப் பட்ட அகலத்தில் கட்டத் தொடங்குவதுதான் வழக்கம். பாதி கட்டிய பிறகே, அந்த அளவுக்குப் பொருந்தும் மூடியோ சக்கரமோ லெகோவில் கிடையாது என்று தெரியவரும். தலைகீழாகப் போங்கள். நீங்களாக உருவாக்க முடியாத, கிடைத்தால் மட்டுமே உண்டு என்கிற துண்டு எது என்று பாருங்கள். அந்தத் துண்டின் அளவுதான் முழு மாதிரியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

டிபன் கேரியரில் அது அடுக்கின் வட்டச் சுவர். கால் வட்டமாக வளைந்த துண்டுகளில் நான்கைச் சேர்த்தால் 8 குமிழ் (துண்டின் மேலுள்ள சிறு புடைப்பு) அகலத்தில், அதாவது 64 மி.மீ. விட்டத்தில், உள்ளே வெற்றிடம் உள்ள அழகான வளையம் கிடைக்கிறது. ஓர் அடுக்குக்கு மூன்று வரிசை வைத்தால் உயரம் 28.8 மி.மீ. நான்கு அடுக்கும் சேர்ந்து பதினொன்றரை சென்டிமீட்டர். அசலில் ஏறக்குறைய பாதி. மூடியும் கொக்கிச் சட்டமும் அந்த அளவுக்குள் அடங்கும். அசல் அளவிலேயே கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் வளைந்த சுவருக்கு வழியில்லாமல் படிப்படியான விளிம்புதான் மிஞ்சும்.

பல்லாங்குழிக்கு நேர் எதிர்க் கணக்கு. அதைச் சின்னதாகக் கட்டவே கூடாது, விரல்கள் குழிக்குள் போய் முத்துகளை வழித்து எடுக்க வேண்டுமே. 6×6 வட்டக் கிண்ணத் துண்டின் விட்டம் 48 மி.மீ. அதுதான் குறைந்தபட்சம். வரிசைக்கு ஏழு குழி, நடுவிலும் ஓரத்திலும் ஒரு குமிழ் தடுப்பு என்று வைத்தால் பலகையின் நீளம் 50 குமிழ், சரியாக 40 சென்டிமீட்டர். இங்கே பலர் செய்யும் இன்னொரு பிழை, குழியைச் சதுரப் பெட்டியாக விட்டுவிடுவது. மூலையிலும் குமிழ்களுக்கு நடுவிலும் புளியங்கொட்டை மாட்டிக்கொள்ளும், வழித்தால் வராது. கிண்ணத் துண்டின் நடுவில் உள்ள குமிழ்களையும் மேலே குமிழ் இல்லாத ஒரு 2×2 வட்ட டைலால் மூடிவிடுங்கள்.

கட்டம் போட்ட தாளை நம்புவது

கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு துண்டு என்று வரைந்துகொண்டு கட்டினால் எல்லாம் நெட்டையாக வரும். காரணம் எளிது. ஒரு குமிழின் அகலம் 8 மி.மீ., ஆனால் துண்டின் உயரம் 9.6 மி.மீ. செங்குத்தாக 20 சதவீதம் நீள்கிறது. வட்டமாக வரைந்த ரேடியோ ஸ்பீக்கர் முட்டை வடிவத்தில் நிற்பது இதனால்தான். ஐந்து அகலத்துக்கு ஆறு உயரம் என்ற விகிதத்தில் கட்டம் போட்ட தாளை நீங்களே தயாரித்துக்கொள்ளலாம்.

இன்னும் நல்ல வழி, அந்த முகப்பையே படுக்க வைத்துக் கட்டி, பக்கவாட்டில் குமிழ் உள்ள துண்டுகளால் நிமிர்த்தி மாட்டுவது. மெல்லிய பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். பக்கவாட்டுக் கட்டுமானம் முழுவதும் இந்த ஒரு சமன்பாட்டின் மீதுதான் நிற்கிறது. இதை மனதில் பதித்துக்கொண்டால் இடைவெளியும் பிதுக்கமும் பாதிக்கு மேல் மறைந்துவிடும். முகப்பு படுத்திருப்பதால் எழுத்துகளையும் டைல்களாலேயே பதிக்கலாம். ஆய்த எழுத்துக்கு 1×1 வட்ட டைல் மூன்றே போதும் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

எடையை மறப்பது

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைக் கட்ட விரும்பாதவர் இல்லை. அதைக் கட்டிய பலருக்கும் ஆடாத பொம்மைதான் கிடைத்திருக்கும். அசல் பொம்மை ஏன் விழுந்தாலும் எழுகிறது? அடிப்பாகம் அரைக்கோளம், அதற்குள் கனம். அந்த அடிப்பாகத்தின் வளைவு எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டதோ, அந்தப் புள்ளிக்குக் கீழே முழுப் பொம்மையின் எடை மையமும் இருக்கிறது. சாய்த்தால் எடை மையம் உயர்கிறது, விட்டதும் கீழே இறங்கப் பார்க்கிறது, பொம்மை நிமிர்கிறது.

லெகோவில் இரண்டு இடத்தில் இது உடைகிறது. முதலாவது, அடிப்பாகத்தைத் துண்டுகளைப் படிகளாக அடுக்கி உருண்டையாக்குவது. தூரத்தில் உருண்டையாகத்தான் தெரியும், ஆனால் சாய்த்ததும் ஏதோ ஒரு படியின் தட்டைப் பரப்பில் உட்கார்ந்து அங்கேயே நின்றுவிடும். தரையைத் தொடும் பகுதியாவது ஒரே வழவழப்பான கிண்ணத் துண்டாக இருக்க வேண்டும். அது ஆழம் குறைந்தது என்பதால் பொம்மை கொஞ்சம்தான் சாயும், விளிம்பைத் தாண்டினால் கவிழ்ந்துவிடும். அந்த எல்லையை ஏற்றுக்கொள்வதே நல்லது.

இரண்டாவது, தலையையும் மார்பையும் உள்ளே நிரப்பிக் கட்டுவது. மேல்பகுதி கூடாக இருக்கட்டும், கனம் முழுவதும் அடியில் போகட்டும். 2×4 துண்டு ஒன்று 2.3 கிராம் அளவுதான் இருக்கும். பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் 9 கிராம், விட்டம் 23 மி.மீ. மூன்று குமிழ் அகலக் குழி 24 மி.மீ. என்பதால் நாணயங்கள் அதில் அடுக்காக இறங்கி உட்காரும். கடகடக்காமல் இருக்க ஓரத்தில் காகிதம் செருகுங்கள். லெகோ அல்லாத பொருளைச் சேர்க்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு, படகுகளுக்காக லெகோவே தயாரித்த எடைத் துண்டுகளும் இருக்கின்றன. ஆடாத தலையாட்டி பொம்மையைவிட நாணயம் வைத்தது மேல் என்பது என் கட்சி.

பம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாட்டை சுற்றி வீசும் பம்பரத்தை லெகோவில் கட்டாதீர்கள். துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டும்தான். வேகமாகச் சுழலும்போது ஓரத்துத் துண்டுகள் தெறிக்கும், கண்ணில் படலாம். விரலால் சுழற்றும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தப்பான ஆணியும் இறுகிய அச்சும்

துளையுள்ள துண்டுகளை இணைக்கும் லெகோ டெக்னிக் ஆணிகளில் கறுப்பும் நீலமும் இறுக்கமானவை, வைத்த கோணத்தில் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. அசைய வேண்டிய மூட்டுக்குச் சாம்பல் அல்லது மணல் நிற ஆணி. இந்த வித்தியாசம் தெரியாமல், கைப்பிடி கனமாகச் சுற்றுகிறதே என்று பல்சக்கரங்களை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. தையல் மெஷினின் ஊசிக்கு, அச்சிலிருந்து ஒரு குமிழ் தள்ளி இணைத்தால் 16 மி.மீ. ஏற்ற இறக்கம் கிடைக்கும். அச்சின் இருபுறமும் மாட்டும் வளையங்களைச் சுவரோடு அழுத்திவிடாமல் மயிரிழை இடம் விடுங்கள்.

கணினியில் வடிவமைக்கும்போது இவை எதுவும் தெரியாது. ஸ்டூடியோ போன்ற மென்பொருள் மிகவும் பயனுள்ளது, ஆனால் திரையில் கனமும் இல்லை, உராய்வும் இல்லை. அந்த நிறத்தில் ஒருபோதும் வெளிவராத துண்டைக்கூட அங்கே போட்டுப் பார்க்கலாம். அசையும் பகுதியை மட்டுமாவது கைவசம் இருக்கும் துண்டுகளில், நிறம் பார்க்காமல், முதலில் கட்டிச் சுற்றிப் பாருங்கள். துண்டுகளை வாங்குவது அதற்குப் பிறகு.

நிறமும் கலப்பும்

எவர்சில்வர் சாமான் என்றதும் வெள்ளி நிறத்தைத் தேடுவோம். அந்த நிறத்தில் கிடைக்கும் துண்டுகள் குறைவு, விலையும் கூடுதல். வெளிர் சாம்பலில் கட்டி, கொக்கி, பிடி போன்ற இடங்களில் மட்டும் வெள்ளியை வைத்தால் கண் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆனால் பழைய பெட்டியிலிருந்து சாம்பல் துண்டுகளை எடுப்பவர்கள் கவனிக்க: 2003-04 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை நீலம் தட்டும் வகைக்கு மாற்றியது, பழுப்பும் அப்போதுதான் மாறியது. இரண்டு தலைமுறைத் துண்டுகளும் கலந்தால் பகல் வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். ரேடியோவின் மரப்பெட்டிக்குப் பழைய செம்பழுப்புத் துண்டுகளைப் பயன்படுத்தினால் நெம்பும்போது மெதுவாக. அந்த நிறத்தில் ஒரு காலத்தில் வந்தவை எளிதில் விரிசல் விடுபவை.

மலிவான வேறு தயாரிப்புகளைக் கலக்கலாமா? உள்ளே தெரியாத இடங்களை நிரப்பத் தாராளமாக. அசையும் பகுதிக்கும் சுமை தாங்கும் இடத்துக்கும் வேண்டாம். ஒரே வரிசையில் பத்துத் துண்டுகள் வரும்போது ஒவ்வொன்றிலும் உள்ள சிறு வேறுபாடு கூடிக் கடைசித் துண்டு உட்காராமல் போகும்.

ஒட்டுவது, வெயிலில் வைப்பது

பிரிந்துவிடுமே என்ற பயத்தில் பசை போடுகிறவர்கள் உண்டு. உடனே ஒட்டும் பசை துண்டைச் சுற்றி வெள்ளைப் படலம் விடும், அதை நீக்கப் போடும் அசிட்டோன் துண்டுகளின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். பிரிகிற இடம் இருந்தால் செங்கல் சுவர் போல் இணைப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வராமல் மாற்றி அடுக்குங்கள், உள்ளே குறுக்காக ஒரு நீள பிளேட் கொடுங்கள். வெள்ளையும் சாம்பலும் வெயிலில் மஞ்சளாகும், ஆகவே ஜன்னலோர அலமாரி வேண்டாம். ரப்பர் வளையம் வைத்த மாதிரியாக இருந்தால், நம் ஊர் வெக்கையில் அது காய்ந்து அறும் என்பதால், மாட்டும் இடத்தைப் பிரிக்காமலே கை போகும்படி அமையுங்கள். தூசிக்கு மென்மையான தூரிகை போதும். கழுவியே ஆக வேண்டும் என்றால் 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீரில்.