வேர்ட்பிரஸ்ல செக்பாக்ஸ் ஃபீல்ட்: வேல்யூவை மட்டும் மாத்திடாதீங்க

ஒரு போஸ்ட்டுல ஒண்ணுக்கு மேல டிக் பண்ற மாதிரி ஆப்ஷன் வேணும்னா ஏசிஎஃப் (அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ், போஸ்ட்டுக்கு கூடுதல் ஃபீல்ட் சேர்க்கிற) பிளகின்ல இருக்கிற செக்பாக்ஸ் ஃபீல்டே போதும். ரூம் வாடகை சைட்னு வெச்சுக்கோங்க, ஒவ்வொரு ரூமுக்கும் வைஃபை, ஏசி, பார்க்கிங், பைக் பார்க்கிங் இதுல எதெல்லாம் இருக்குன்னு டிக் பண்ணணும்.

ஃபீல்ட் குரூப்ல (ஏசிஎஃப்ல ஃபீல்டுகளை சேர்த்து வைக்கிற தொகுப்பு) புது ஃபீல்ட் சேர்த்து டைப்ல செக்பாக்ஸ் எடுங்க, கீழ சாய்ஸஸ்னு ஒரு பெட்டி வரும், லைனுக்கு ஒண்ணா அடிக்கணும். நிறைய பேர் வெறும் பேரை மட்டும் அடிச்சிட்டு போயிடறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. முதல்ல வேல்யூ (உள்ளுக்குள்ள சேவ் ஆகுற பேரு), அப்புறம் ஸ்பேஸ், கோலன், ஸ்பேஸ், அதுக்கப்புறம் லேபிள் (வெளிய காட்டுற பேரு), bike_parking : பைக் பார்க்கிங் மாதிரி. வேல்யூவை இங்கிலீஷ் சின்ன எழுத்துல வைங்க, நடுவுல ஸ்பேஸுக்கு பதிலா அண்டர்ஸ்கோர். லேபிள் தமிழ்லயே இருக்கட்டும்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, டேட்டாபேஸ்ல சேவ் ஆகுறது வேல்யூதான். நாளைக்கு 'பார்க்கிங்'ங்கறதை 'கார் பார்க்கிங்'னு காட்டணும்னா லேபிளை மாத்துங்க, ஒண்ணும் ஆகாது. வேல்யூல கை வெச்சா பழைய போஸ்ட்ல அந்த டிக் காணாம போயிடும், அதை கவனிக்காம யாராவது அப்டேட் அடிச்சா பழைய டேட்டாவும் சேர்ந்து போச்சு.

ஃபீல்ட் செட்டிங்ஸ்ல இருக்கிற ரிட்டர்ன் ஃபார்மேட்ல (கோடுக்கு எந்த வடிவத்துல வரணும்ங்கறது) பேரை அப்படியே காட்டணும்னா லேபிள், கோட்ல செக் பண்ணணும்னா வேல்யூ. எதுவா இருந்தாலும் டெம்ப்ளேட்டுக்கு (பேஜை காட்டுற பிஹெச்பி ஃபைல்) வர்றது அர்ரேதான், அதாவது ஒரு பட்டியல், நேரா எக்கோ பண்ணா (பேஜ்ல அச்சடிச்சா) 'அர்ரே'ங்கிற வார்த்தைதான் பேஜ்ல வரும். பட்டியலை ஒரே வரியாக்குற இம்ப்ளோட் ஃபங்ஷன் போட்டு கமாவால சேருங்க, ஆனா அதுக்கு முன்னாடி காலியா இருக்கான்னு செக் பண்ணிடுங்க, ஒண்ணுமே டிக் பண்ணாத ரூமும் இருக்கும்ல.

பார்க்கிங் இருக்கிற ரூமை மட்டும் காட்டுற மாதிரி ஃபில்டர் வைக்கும்போது ஒரு சிக்கல் இருக்கு. டிக் பண்ணது எல்லாம் சீரியலைஸ் ஆகி (ஒண்ணா கோத்து) டேட்டாபேஸ்ல ஒரே ஸ்ட்ரிங்கா, அதாவது ஒரே எழுத்து வரியா கிடக்கும், அதனால மெட்டா குவெரில (ஃபீல்ட் வேல்யூவை வெச்சு போஸ்ட் தேடுறது) ஈக்வல் போட்டா கிடைக்காது, வரிக்குள்ள எங்க இருந்தாலும் தேடுற லைக் (LIKE) போடணும். அதுலயும் வேல்யூவை டபுள் கோட்ஸோட சேர்த்து தேடுங்க. இல்லன்னா bike_parking-க்குள்ளயும் parking இருக்கிறதால பார்க்கிங் தேடுறவங்களுக்கு பைக் பார்க்கிங் மட்டும் இருக்கிற ரூமும் வந்து நிக்கும்.

போஸ்ட் ஆயிரக்கணக்குல போகும், ஃபில்டர்தான் சைட்டோட முக்கிய வேலைன்னா செக்பாக்ஸ் வேண்டாம், ஆரம்பத்துலயே டேக்ஸானமி (கேட்டகிரி, டேக் மாதிரி போஸ்ட்டை வகைப்படுத்துற வசதி) வெச்சிடுங்க. லைக் குவெரி அந்த அளவுக்கு ஸ்பீடா ஓடாது.